இறக்கம் வராத ரோடு

வடக்கே சைக்கிளில் போன கதையைச் சொல்லச் சொன்னால் வடிவாம்பாள் தயங்குவாள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊர்ப் பெயர்கள் முன்னே பின்னே மாறிப்போகும். அதுகூடப் பரவாயில்லை. ஏற்றம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி இறக்கம் என்று சொல்லி, கேட்டுக்கொண்டிருக்கிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து உருண்டுவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் கேட்க வருகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

நீங்களும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஊரான சாய்ப்பாறையில் இது ஒரு அதிசயமே இல்லை. சேலத்துப் பக்கத்து மலை ஒன்றில், கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. சமமான தரை என்று ஒரு முழம் கிடையாது. பானைக்கு ஒரு முட்டுக்கல், கட்டிலுக்கு ஒரு முட்டுக்கல். கல்யாணப் பந்தியில் இலையைப் போட்டதும் ரசம் ஓடாமல் இருக்க ஆளுக்கொரு சின்னக் கல் வைப்பார்கள். அதை வைக்காவிட்டால் சம்பந்திச் சண்டை வரும்.

அந்த ஊரில் சைக்கிளுக்கு இரண்டே விதி. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இறக்கம் வந்தால் ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பெடல் என்பது இறக்கத்தில் காலை வைத்துக்கொள்ளும் இடம். சங்கிலி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. வடிவாம்பாளின் அண்ணன் வையாபுரிதான் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். புது வண்டி வந்ததும் முதல் வேலையாகச் சங்கிலியைக் கழற்றிவிடுவார். வேட்டியைக் கடிக்கிறது, சேலையைக் கடிக்கிறது, அதை எதற்கு வண்டியில் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும்? கழற்றிய சங்கிலிகளில் ஊர் எருமைகள் கட்டுண்டு கிடந்தன. சைக்கிள் கம்பெனிக்காரர்கள் எருமைக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்களே என்று ஊரார் மெச்சிக்கொள்வார்கள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் ரேஷன் கடை போனில் மாப்பிள்ளை திருமூர்த்தி பேசினார். அவர் லக்னோவுக்கும் அப்பால் ஒரு கரும்பு ஆலையில் வேலை பார்க்கிறவர். வடிவாம்பாளின் ஒரே மகள் செங்கமலம் அங்கேதான் இருந்தாள். தலைப்பிரசவம்.

"அத்தை, செங்கமலம் ரயில்ல வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வளைகாப்பை இங்கேயே வச்சுக்கலாம். தை முதல் வெள்ளிக்கிழமை. வளையலை மட்டும் நீங்க கொண்டுவந்துடுங்க."

"அவ்வளவு தூரம் எப்படி மாப்பிள்ளை வர்றது? எனக்குப் பயமா இருக்குது."

"எதுக்குப் பயப்படறீங்க? ஆக்ராவுல இறங்கிட்டா அப்புறம் எல்லாம் ஒரே சமம். சைக்கிள்லயே வந்துடலாம்."

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். சாய்ப்பாறையில் யாரும் சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளை வாயால சைக்கிள்னு சொல்லிட்டார்," என்றார் வடிவாம்பாளின் வீட்டுக்காரர் சடையப்பன். "பஸ்ஸுல போய் இறங்கினா அவர் பேச்சை மதிக்கலேன்னு ஆயிடும்."

"சமம்னு வேற சொன்னாராமே, அது என்ன?" என்று கேட்டாள் சடையப்பனின் அக்கா பாவாயி.

"படிச்ச மனுசன். பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சமம்னு சொல்லியிருப்பார். நல்ல ஊர்தான்," என்றார் வையாபுரி.

ஆகவே, தாய்மாமன் வையாபுரி, அத்தை பாவாயி, அப்பன் சடையப்பன், ஆத்தாள் வடிவாம்பாள் என்று நாலு பேரும் நாலு சைக்கிளும் கிளம்புவதென்று முடிவாயிற்று. பாவாயிக்கு வயது அறுபதுக்கு மேல். ஆனாலும் பிரேக் பிடிப்பதில் ஊரிலேயே அவள்தான் கெட்டி.

சேலத்துக் கடைவீதியில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் வாங்கினார்கள். கடைக்காரர் வைக்கோல் வைத்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்து, "வடக்கேயிருந்து வர்ற சரக்கும்மா. கண்ணாடி. குழந்தை மாதிரி பார்த்துக்கங்க," என்றார்.

வடிவாம்பாளுக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. தாய்வீட்டு வளையல் வழியில் உடைந்தால் அபசகுனம். மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒன்றும் ஆகாவிட்டாலும் பாவாயி விடமாட்டாள். இருபது வருசத்துக்கு முன்னால் வடிவாம்பாள் போட்டு உடைத்த ஊறுகாய் ஜாடியைப் பற்றி போன செவ்வாய்க்கிழமைகூடப் பேசினாள்.

பாவாயி மூட்டையை வாங்கி நெற்றி இருக்கும் பக்கமாகப் பார்த்து ஒரு மைப்பொட்டு வைத்தாள். தன் பழைய சேலையைக் கிழித்து, சைக்கிள் கம்பியில் தூளி கட்டி, அதில் மூட்டையைப் படுக்க வைத்தாள்.

"அண்ணி, குழந்தை மாதிரின்னா பத்திரமான்னு அர்த்தமுங்க," என்றாள் வடிவாம்பாள்.

"நான் நாலு பெத்தவ. குழந்தையை எப்படிப் பார்த்துக்கறதுன்னு எனக்கு நீ சொல்றியா?"

"பால் கொடுக்கணுமாக்கா?" என்று சடையப்பன் கவலையோடு கேட்டார்.

பாவாயி யோசித்தாள். "குழந்தை மாதிரின்னுதான் சொன்னார். குழந்தைன்னு சொல்லலை. பால் வேண்டாம். தாலாட்டு போதும்."

வடிவாம்பாள் தன் பைக்குள் ஒரு முட்டுக்கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டாள். போகிற ஊரில் கல் நல்லதாகக் கிடைக்குமோ கிடைக்காதோ.

சைக்கிள்களோடு ரயிலேறி, மார்கழிக் குளிரில் ஆக்ராவில் இறங்கினார்கள். ஊரை விட்டு வெளியே வரும் ரோட்டில், லக்னோ எந்தப் பக்கம் என்று ஒருவரிடம் கேட்டு, அவர் கையைக் காட்டிய திசையில் நாலு சைக்கிளையும் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தயாரானார்கள்.

சைக்கிள் நகரவில்லை.

"பிரேக்கை விடுங்க," என்றார் வையாபுரி.

விட்டார்கள். நாலு பேரும் பொத்துப் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்தார்கள். தூளி மட்டும் பாவாயியின் மடியில் பத்திரமாக இருந்தது. வடிவாம்பாள் மூட்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். உடைந்த சத்தம் இல்லை.

"ஏனுங்க, இது ஏத்தமா இறக்கமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் பயணம் அரை நாள் நின்றுபோயிற்று. எந்தப் பக்கம் பார்த்தாலும் ரோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கண்ணுக்கு எட்டின வரையில் மஞ்சள் மஞ்சளாகக் கடுகுக் காடு. அதன் கடைசியில் வானம் தரையில் உட்கார்ந்திருந்தது. சாய்ப்பாறைக்காரர்கள் வானம் அவ்வளவு கீழே வந்து பார்த்ததில்லை.

வையாபுரி பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நடுரோட்டில் வைத்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பழம் அசையவில்லை.

"இறக்கமா இருந்தா உருண்டு போயிருக்கும்," என்றார் வையாபுரி. "போகலை. அப்ப இது ஏத்தம்."

"ஏத்தமா இருந்தா நம்ம பக்கம் உருண்டு வந்திருக்கணுமே மச்சான்?" என்று மடக்கினார் சடையப்பன்.

வையாபுரி பழத்தைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது. "குளிருல அதுக்கு உடம்பு முடியலை," என்றார்.

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ஏற்றம் என்றே முடிவாயிற்று. ஏற்றம் என்றால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினார்கள்.

வழியெல்லாம் அந்தச் சீமைக்காரர்கள் சைக்கிளில் எதிரே வந்தார்கள். பால் கேன் தொங்கவிட்டவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பின்னால் பெண்டாட்டியையும் ஆட்டுக்குட்டியையும் உட்கார வைத்துக்கொண்டவர்கள். ஏற்றத்தில் இத்தனை பேர் ஏறி உட்கார்ந்து போவதே அதிசயம். அதைவிட அதிசயம் அவர்கள் காலெல்லாம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ பாவம்," என்றாள் பாவாயி. "இந்த ஊர்த் தண்ணி சரியில்லை. எல்லாருக்கும் காலு நிக்க மாட்டேங்குது பாரு."

ஒரு பால்காரரை வழிமறித்து, அவர் மறுக்க மறுக்க, முழங்காலில் தைலம் தேய்த்து விட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு முன்னைவிட வேகமாகக் காலைச் சுற்றிக்கொண்டு போனார்.

"முத்திப்போச்சு," என்றாள் பாவாயி.

பிரோசாபாத் வந்தது. அந்த ஊரில் கண்ணாடி வளையல்தான் தொழில் என்பது சாய்ப்பாறைக்காரர்களுக்குத் தெரியாது. அவர்கள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்த வளையல்கள் இதே தெருவிலிருந்து சேலத்துக்குப் போனவையாகக்கூட இருக்கலாம். தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி. ஒவ்வொரு வண்டியிலும் ஆள் உயரத்துக்கு வளையல் கோத்துக் கோத்து அடுக்கியிருந்தது. துணியில்லை, தூளியில்லை, மைப்பொட்டு இல்லை. பனி அப்படியே அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

பாவாயி சைக்கிளைப் போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்றாள்.

"அடப் பாவிகளா! பச்சைப் புள்ளைங்களை இப்படி அம்மணமா அடுக்கித் தள்ளிக்கிட்டுப் போறீங்களே, நீங்கல்லாம் மனுசங்கதானா?"

வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கொத்து வளையலை நீட்டினார். விலைக்கு வேண்டுமா என்று அர்த்தம்.

"விக்கிறான்! வடிவு, இவன் விக்கிறான்!" பாவாயிக்கு மூச்சு வாங்கியது.

சமாதானப்படுத்த முடியவில்லை. கடைசியில் நாலு பேரும் தங்கள் போர்வைகளை எடுத்து அந்த வண்டியின் மேல் போர்த்தி, நாலு மூலையும் செருகிவிட்ட பிறகுதான் பாவாயி நகர்ந்தாள். வண்டிக்காரர் வெகுநேரம் அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முதல் நாலு பேரும் வைக்கோலைச் சுற்றிக்கொண்டு படுத்தார்கள்.

"இங்கேயே கொஞ்சம் வளையல் வாங்கி வச்சிருக்கலாமோ அண்ணா? நம்மது உடைஞ்சா மாத்துக்கு ஆகும்," என்று வடிவாம்பாள் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த ஊருக்கு எங்கேயிருந்து வருதோ என்னமோ. நம்ம சேலத்துச் சரக்கு மாதிரி இருக்காதும்மா," என்றார் வையாபுரி.

தூளியைப் பார்த்து வழியில் பெண்கள் கூடிவிடுவார்கள். ஒரு டீக்கடையில் கடைக்காரர் மனைவி சூடாகப் பால் ஆற்றிக்கொண்டு வந்து, குழந்தை முகத்தைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தாள். பாவாயி தூளியை லேசாக விலக்கினாள். அந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். வைக்கோலைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், பாவாயியைப் பார்த்தாள். அந்தப் பாலைப் பாவாயிக்கே குடிக்கக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

"என்ன மரியாதை பாரு," என்றாள் பாவாயி.

நாள் போகப் போக வடிவாம்பாளின் பயம் வேறு பக்கம் திரும்பியது. அதுவரை வளையல் உடையுமே என்று பயந்தாள். இப்போது அவளுக்கு ஒரு கணக்குப் புரிந்தது.

"ஏனுங்க," என்றாள், மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டே, "ஆக்ராவுலேருந்து ஏறிக்கிட்டே இருக்கோம்."

"ஆமா."

"இன்னும் ஏத்தம் முடியலை."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஏறின அளவுக்கு இறங்கணுமில்லைங்க?"

சடையப்பன் நின்றுவிட்டார். வையாபுரி நின்றார். பாவாயி தாலாட்டை நிறுத்தினாள்.

சாய்ப்பாறையில் மாரியம்மன் கோயிலிலிருந்து ஓடை வரைக்குமான இறக்கம்தான் பெரிய இறக்கம். அதற்கே இரண்டு பேர் பல் போயிருக்கிறது. ஒருநாள் முழுக்க ஏறியதற்கு ஒருநாள் முழுக்க இறக்கம் என்றால், இத்தனை நாள் ஏறியதற்கு? அது எங்கே ஆரம்பிக்கும்? இந்த மூடுபனியில் முன்னால் ஐந்தடிகூடத் தெரியவில்லை. ஏற்றம் சட்டென்று முடிந்து, நாலு பேரும் வளையலோடு சர்ரென்று போய்...

"பிரேக் கட்டை தாங்காதே," என்றார் வையாபுரி, முகம் வெளுத்து.

அதற்குப் பிறகு ரொம்ப ஜாக்கிரதையாகப் போனார்கள். முன்னால் வையாபுரி தவழ்ந்துகொண்டே கையால் தரையைத் தடவிப் பார்ப்பார். "இன்னும் ஏத்தம்தான்!" என்று குரல் கொடுப்பார். அதன் பிறகு மற்றவர்கள் வண்டியைத் தள்ளுவார்கள். வண்டியை நிறுத்தினால் வடிவாம்பாள் ஓடிப்போய்த் தன் முட்டுக்கல்லை வளையல் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாள். இன்னும் மூன்று கல் வேண்டும் என்று தேடினால் அந்தச் சீமையில் கல்லே இல்லை. வயலில் இல்லை, வாய்க்காலில் இல்லை, சாமி கும்பிடுகிற இடத்தில்கூடச் செங்கல்தான்.

"கல்லெல்லாம் எங்கே போச்சு?" என்றார் சடையப்பன்.

"எங்கே போகும்? இறக்கத்துல உருண்டு போயிருக்கும்," என்றாள் வடிவாம்பாள். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கன்னோஜ் தாண்டி ஒரு மரத்தடியில் சைக்கிள் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சங்கிலி இல்லாத நாலு சைக்கிளை நாலு பேர் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தார். எழுந்து வந்து ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கையால் கேட்டார். "ஆக்ரா," என்றார் சடையப்பன். பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மரத்தடிப் பெட்டியில் பழைய சங்கிலிகளைத் தேடி எடுத்து, தோளில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். சாய்ப்பாறைக்காரர்களுக்கு மரியாதை தெரியும். வையாபுரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து கழுத்தைக் குனிந்து காட்டினார். பெரியவர் ஒரு நிமிசம் திகைத்தார். வையாபுரி குனிந்தபடியே நின்றார். வேறு வழி தெரியாமல் பெரியவர் ஒரு சங்கிலியை அவர் கழுத்தில் போட்டார். அடுத்து சடையப்பன் குனிந்தார். அடுத்து பாவாயி. கடைசியாக வடிவாம்பாள்.

"நம்ம ஊர் எருமை வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காங்க பாரேன்," என்று நெகிழ்ந்துபோனார் சடையப்பன். வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறுப்பாக எண்ணெய்க் கறை இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் இரண்டு கையையும் முன்னால் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"கைக்கும் வந்துடுச்சு," என்று தைலப் புட்டியைத் தேடினாள் பாவாயி.

லக்னோவைத் தாண்டினார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒழுங்காகத் தள்ளியிருந்தால் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கலாம். கெடுத்தது ஒரு கால்வாய்ப் பாலம்.

ரோடு பாலத்துக்காகக் கொஞ்சம் மேலே ஏறி, அந்தப் பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியது. வையாபுரி தரையைத் தடவிக்கொண்டே போனவர் பாலத்து உச்சியில் நின்று அலறினார்.

"இறக்கம்!"

நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வடிவாம்பாள் கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டாள். வண்டியில் ஏறி, காலைப் பெடலில் வைத்து, பல்லைக் கடித்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். எருமை நடையில் கீழே வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதான்.

"முடிஞ்சுபோச்சா?" என்றாள் பாவாயி.

வையாபுரி எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். அசையவில்லை. "மறுபடியும் ஏத்தம்," என்றார்.

"இவ்வளவு நாள் கழிச்சு ஒரு இறக்கம் கிடைச்சுது. அதை ஒரே தடவையில விட்டுட்டுப் போறதா?" என்றார் சடையப்பன்.

அது நியாயமாகத்தான் இருந்தது. திரும்பிப் போய்ப் பாலத்தின் மேல் தள்ளி, ஏறி உட்கார்ந்து இறங்கினார்கள். மறுபடியும் தள்ளினார்கள், மறுபடியும் இறங்கினார்கள். மூன்று நாள் அந்தப் பாலத்தில் போயிற்று. பக்கத்து ஊர்க்காரர்கள் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். வடிவாம்பாள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, தூளியை மடியில் வைத்துக்கொண்டு, விரல் விட்டுக் கிழமை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க! நாளைக்கு விடிஞ்சா வெள்ளிக்கிழமை! அங்கே எம்பொண்ணு வெறுங்கையோட உட்கார்ந்திருப்பா! எனக்கு வளையல் போய்ச் சேரணும். நீங்க எல்லாரும் இங்கேயே ஏறி இறங்கிக்கிட்டுக் கிடங்க!"

அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சடையப்பன் பாதி இறக்கத்தில் பிரேக் போட்டார். பின்னால் வந்த மூவர் அவர்மேல் மோதினார்கள். மூவரில் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து ஆசைப்பட்டு ஒரு தடவை ஏறிய உள்ளூர்க்காரர்.

அந்த உள்ளூர்க்காரர்தான் வழி செய்தார். கரும்பு ஆலை என்று அழுதுகொண்டே வடிவாம்பாள் கரும்பைக் கடிப்பதுபோலக் கையைக் காட்டியதும், ரோட்டில் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்த கரும்பு டிராக்டர்களைக் காட்டினார். நாலு பேரையும் சைக்கிளில் உட்கார வைத்து, டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கரும்பைக் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

பிடித்துக்கொண்டார்கள். டிராக்டர் நகர்ந்தது, கரும்பு உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. டிராக்டர் போய்விட்டது.

"விடச் சொல்லலையே," என்று கரும்பைப் பிடித்தபடியே நின்றார் சடையப்பன்.

அடுத்த டிராக்டரில் வடிவாம்பாள் கரும்பைத் தொடவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, வண்டியின் கொக்கியில் ஒரு முனையையும் தன் சைக்கிளில் ஒரு முனையையும் மாட்டினாள். எருமை கட்டிப் பழகிய கை. மற்ற மூவரும் வரிசையாக ஒருவர் பின்னால் ஒருவராகச் சங்கிலியை மாட்டிக்கொண்டார்கள். சாய்ப்பாறையின் வரலாற்றில் முதல் தடவையாக நாலு பேர் ஏற்றத்தில் உட்கார்ந்துகொண்டு போனார்கள். இரவெல்லாம் பாவாயி தாலாட்டினாள். வெள்ளிக்கிழமை காலை ஆலை வந்தது.

ஆலை வாசலில் எடைமேடை. டிராக்டர் அதன்மேல் ஏறி நின்றது. எடை போடுகிற ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை திருமூர்த்தி தலையைத் தூக்கிப் பார்த்தார். கரும்பு, கரும்புக்குப் பின்னால் மாமியார், மாமியாருக்குப் பின்னால் தூளியோடு பாவாயி, அதற்குப் பின்னால் மாமனார், கடைசியில் வையாபுரி. நாலு பேரும் பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா! என்ன இது கோலம்? பஸ்ஸுல வரலையா?"

"நீங்கதானே சைக்கிள்ல வரச் சொன்னீங்க மாப்பிள்ளை," என்றார் சடையப்பன்.

மாப்பிள்ளை ஜன்னலை விட்டு எழுந்து வெளியே வந்தார். "நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணிதான் இருக்கு. ஓடுங்க," என்றார்.

ஓடினார்கள். ஆலைக் குடியிருப்பில் செங்கமலம் மனையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தாளைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சந்தனத்தோடு காத்திருந்தார்கள். வடிவாம்பாள் தூளியைப் பிரிக்கப் போனாள். பாவாயி தடுத்தாள்.

"இரு வடிவு. தூங்குது."

"என்னங்க அண்ணி?"

"இப்பத்தான் கண்ணசந்துச்சு. தூங்கற புள்ளையை எழுப்பக் கூடாது. ஆகாது."

"அண்ணி, நேரம் போகுதுங்க!"

"மூணு மாசக் குழந்தையா இருக்கறப்ப நீ இவளை எழுப்பி எழுப்பித்தான் இவ இப்படி ஒல்லியாப் போனா," என்று செங்கமலத்தைக் காட்டினாள் பாவாயி. தூளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சடையப்பனும் வையாபுரியும் குரலைத் தாழ்த்தி, தூங்குகிற வளையலை எழுப்பலாமா கூடாதா என்று விவாதித்தார்கள். அக்கா சொல்வதிலும் நியாயம் இருப்பதாக அவர்களுக்குப் பட்டது. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். செங்கமலம் மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

வடிவாம்பாள் மெல்ல நகர்ந்தாள். பாவாயியின் பின்பக்கமாகப் போய்த் தூளியின் அடியில் கையைக் கொடுத்து லேசாக ஒரு ஆட்டு ஆட்டினாள்.

கலகலவென்று சத்தம் வந்தது.

"அழுவுது," என்றாள் வடிவாம்பாள்.

"ஐயோ, எழுந்திரிச்சிருச்சா?" பாவாயி பதறிப்போய்த் தூளியைப் பிரித்தாள். "பசி போலிருக்கு. எடுங்க, எடுங்க, கையில எடுங்க!"

ஒரு வளையல்கூட உடையவில்லை. சிவப்பும் பச்சையுமாகச் செங்கமலத்தின் இரண்டு கையும் நிறைந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் கடைசி வளையலும் ஏறியது. அத்தனை நாள் கழித்து வடிவாம்பாளுக்கு மூச்சு நேராக வந்தது. ஐந்து வகைச் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். இலைக்கு அடியில் தன் முட்டுக்கல்லை மறக்காமல் வைத்துக்கொண்டாள்.

கை கழுவும்போதுதான் மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

"மாப்பிள்ளை, இந்த இறக்கம் எங்கே ஆரம்பிக்குது?"

"எந்த இறக்கம் அத்தை?"

"நாங்க ஆக்ராவுலேருந்து ஏறி வந்தோமில்ல, அதுக்கான இறக்கம்."

மாப்பிள்ளை சிரித்தார். "இங்கே இறக்கமெல்லாம் கிடையாது அத்தை. நிம்மதியாப் படுங்க."

வடிவாம்பாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளை நல்லவர். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்டாட்டி பயப்படக் கூடாது என்று மறைக்கிறார். ஆனால் ஏறினவளுக்குத் தெரியாதா? இத்தனை நாள் ஏறி வந்து நிற்கிற இடம் உச்சியாகத்தான் இருக்க வேண்டும். வீடு உச்சியில் இருக்கிறது. இறக்கம் கொல்லைப் பக்கம் பனிக்கு அந்தப் புறம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த ஊரில் ஒரு கல்கூட மிச்சமில்லை.

விருந்து சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் மதியம் படுத்துவிட்டார்கள். வடிவாம்பாள் வாசலில் கிடந்த சங்கிலிகளோடு வீட்டிலிருந்த கயிறுகளையும் எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை விழித்துப் பார்த்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் காலைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி கட்டியிருந்தது. அவர் கட்டில் செங்கமலத்தின் கட்டிலோடும், அது பீரோவோடும், பீரோ கொல்லை வேப்பமரத்தோடும் கட்டியிருந்தது. தூளியில் வெறும் வைக்கோலை வைத்துத் தாலாட்டியபடியே தூங்கிப்போன பாவாயி, மரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், இரண்டு சுற்று அதிகமாகக் கட்டப்பட்டிருந்தாள்.

"அத்தை!" என்று கத்தினார் மாப்பிள்ளை. "ஆலைக்கு நேரமாச்சு! அவுத்து விடுங்க!"

வடிவாம்பாள் காதில் அது விழவில்லை. தனக்குச் சங்கிலி போதவில்லை என்பதால் பாயில் ஒருக்களித்துப் படுத்து, சாய்ப்பாறையிலிருந்து கொண்டுவந்த கல்லை இடுப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஆக்ராவை விட்டபின் முதல் தடவையாக நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.